பெரம்பலூர் பஸ்ஸில் வந்த போலந்துப் பொண்ணு

முதல்லயே சொல்லிடறேன், எனக்குப் பேய், ஆவி, சாமி வந்து ஆடறது, குறி சொல்றது, இதுல எதுலயும் நம்பிக்கை கெடையாது. எங்க நாத்தனா மாசம் தவறாம சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போயிட்டு வந்து ஒவ்வொரு கதையா சொல்லும். நான் முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில தரம் பிரிக்கிற வேலை பாக்கறவ. முழுசு, பாதி, குருணைன்னு கண்ணால பாத்து ஒதுக்குறதுதான் பொழப்பு. கண்ணுல படாததை எந்தக் கூடையில போடறதுன்னு எனக்குத் தெரியாது, அப்படின்னு அதுகிட்ட சொல்லி வம்பு இழுப்பேன்.

பேய்க்கதைன்னா அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை, இப்படித்தான ஆரம்பிப்பாங்க. எனக்கு நடந்தது மட்ட மத்தியானம். பெரம்பலூர் அரியலூர் மெயின் ரோட்டுல, சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா போயிக்கிட்டிருக்கறப்ப. நீங்க நம்பினாலும் சரி, நம்பலேன்னாலும் சரி. நான் கூட்டியும் சொல்லல, கொறைச்சும் சொல்லல.

என் தம்பி குணா ஓமன்ல வேலை பாத்தான். பைப் பதிக்கிற வேலை. எனக்கும் அவனுக்கும் பத்து வயசு வித்தியாசம், இடுப்புல தூக்கி வளத்தவ நான்தான். ஒருநாள் காலையில போன் வந்துச்சு, ராத்திரி ரூம்லயே நெஞ்சு வலி வந்து போயிட்டான்னு. அவ்வளவுதான் சொன்னாங்க. ஒடம்பு வர நாளாகும், பேப்பர் வேலை இருக்குன்னாங்க. நாளாச்சு, ஆயிக்கிட்டே இருந்துச்சு.

சாவு விழுந்த வூட்டுல எடுக்கிற வரைக்கும் அடுப்பு மூட்ட மாட்டாங்கல்ல. பக்கத்து வூட்டுக்காரங்கதான் ஆக்கிக் கொண்டாந்து வைப்பாங்க. ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. எங்களுக்கு வாரக்கணக்குல ஆயிடுச்சு. தெருவுல மொறை வச்சு சோறு கொண்டாந்தாங்க. யாரு வந்தாலும் என்னைக் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வச்சாங்க, நான் மரம் மாதிரி நின்னேன். அழுகை வரல. துக்கமும் வரல, அதான் நெசம். பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப் போவும் பாருங்க, ஒடம்பு பூராவும் எனக்கு அப்படி இருந்துச்சு. "கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா பாரு"ன்னு காதுபடவே பேசினாங்க. பேசட்டும்னு இருந்தேன்.

எங்க அம்மாதான் பிரச்சினை. அது சோறு தண்ணி எறக்கறத நிறுத்திடுச்சு. ஒரே ஒரு கேள்வி, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும்.

"கடைசியா எம்புள்ள வாயில தண்ணி ஊத்த ஆளு இருந்துச்சா?"

உசுரு போறப்ப சொந்தக்காரங்க வாயில பாலோ தண்ணியோ ஊத்துறது எங்க பக்கத்துல பெரிய விசயம். தொண்டை காஞ்சு போயிடக் கூடாது. பாஷை தெரியாத ஊரு, சுத்தி யாரு எவருன்னு தெரியாது, புள்ள தண்ணி கேட்டிருந்தாக்கூட யாருக்குப் புரிஞ்சிருக்கும்னு அம்மா அதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு. ஆளு இருந்துச்சும்மான்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லியும் பாத்தேன். "நீ பாத்தியாடி?"ன்னு மொகத்தை ஒரு பார்வை பாத்துச்சு. அது ஒடம்பு நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. இப்படியே போனா இன்னொரு பாடை கட்ட வேண்டியதுதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அதனாலதான் அன்னிக்குப் பெரம்பலூர் போனேன். குணாவை அனுப்பி வச்ச ஏஜெண்டு அங்கதான் இருந்தாரு. நல்ல மனுசன்தான், நாற்காலி போட்டு ஒக்கார வச்சாரு. ஒடம்பு அடுத்த வாரம் வந்துடும்மான்னாரு. அவன்கூட ரூம்ல யாரு இருந்தாங்கன்னு கேட்டேன். "தெரியலயேம்மா, வேற வேற தேசத்து ஆளுங்க, நம்ம பக்கத்து ஆளு யாரும் அந்த ரூம்ல இல்ல"ன்னு கையை விரிச்சிட்டாரு. எந்திரிச்சு வந்துட்டேன்.

அரியலூர் பஸ்ல ஏறினா எனக்குப் பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு. இருவத்தஞ்சு வயசு இருக்கும். மொகமெல்லாம் வெயில்ல வெந்து செவந்து கெடக்கு, முதுகுல அவ ஒசரத்துக்கு ஒரு பை. அதை எறக்கி மடியில வச்சா அவளே தெரியல. பேரு மார்த்தா, போலந்து தேசம், கங்கைகொண்ட சோழபுரம் பாக்கப் போறா, இதெல்லாம் போன்ல காட்டினா. அவ பாஷையில பேசினா போன் தமிழ்ல மாத்திக் காட்டுது. "வணக்கம் மதிப்பிற்குரிய பெண்மணியே, தங்கள் முகம் களைப்பாக இருக்கின்றதா" அப்படின்னு வந்துச்சு. எங்க வம்சத்துல யாரும் என்னை மதிப்பிற்குரிய பெண்மணின்னு கூப்பிட்டதில்ல. ஆமான்னு தலையாட்டினேன். என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டா, ஒரு போட்டோ எடுத்தா, அதோட அவ போன்ல சார்ஜ் தீந்து அணைஞ்சு போச்சு. என்கிட்ட இருந்தது பட்டன் போனு. அப்புறம் எங்களுக்குள்ள கை சாடைதான்.

பாதி வழியில பஸ் புகை தள்ளி நின்னுடுச்சு. டிரைவர் எறங்கிப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு. பின்னால வந்த பஸ்ஸு ஏற்கனவே பிதுங்கிக்கிட்டு வந்துச்சு. எல்லாரும் அதுல அடிச்சுப் புடிச்சு ஏறினாங்க. "இந்தப் பொண்ணு இந்த மூட்டையோட ஏறணும்னா பத்து பேரு எறங்கணும், அடுத்த வண்டியில வரச் சொல்லுங்க"ன்னு கண்டக்டர் விசில் அடிச்சிட்டாரு. நான் ஏறியிருக்கலாம், ஒரு காலை வைக்க எடம் இருந்துச்சு. ஏறல. அந்தப் பொண்ணு மேல பாவப்பட்டு நின்னேன்னு நெனைக்காதீங்க. வூட்டுக்குப் போனா அம்மா கேக்கும், பதில் இல்ல, அதான். நின்ன பஸ்ஸை டிரைவரு எப்படியோ உறும வச்சு, ஆளை ஏத்தாம மெதுவா டெப்போவுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

ரோட்டோரம் ஒரு நிழற்குடை இருந்துச்சு. சிமெண்ட் பெஞ்சு, சுத்தி கருவேல முள்ளு, எல்லாத்து மேலயும் வெள்ளைத் தூசி. சித்திரை வெயிலு. நாங்க ரெண்டு பேருதான்.

அவ என் வெரலைப் பாத்தா. முந்திரி எண்ணெய் பட்டுப் பட்டு நுனியெல்லாம் கருத்து தோலு உரிஞ்சிருக்கும். எடுத்து வச்சுப் பாத்துட்டு அவ ஷூவைக் கழட்டி அவ குதிகாலைக் காட்டினா, கொப்புளம் ஒடைஞ்சு ரணமா கெடக்கு. உனக்கு அது, எனக்கு இதுங்கற மாதிரி. ரெண்டு பேரும் சிரிச்சோம். தம்பி போன பிறகு நான் சிரிச்சது அதான் முதல் தடவை. என் பையில கொஞ்சம் வறுத்த முந்திரிப்பருப்பு இருந்துச்சு, கொடுத்தேன். கல்யாணம் ஆயிடுச்சான்னு கழுத்தைத் தொட்டுக் கேட்டேன், இல்லன்னு தலையாட்டினா. அக்கா தங்கச்சி இருக்கான்னு கேக்கப் போய், எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் அவ ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சா.

நான் இப்ப உங்ககிட்ட பேசற மாதிரி சாதாரணமா சொன்னா. ஒரு பெரிய ரூமு, ரெண்டடுக்கு இரும்புக் கட்டிலு, வேலைக்குப் போயிட்டு வந்த ஆளுங்க படுத்திருக்காங்க. மேல் கட்டில்ல இருந்த ஒருத்தன் நெஞ்சு கரிக்குதுன்னு எறங்கி வந்து தரையில ஒக்காந்துட்டான். சுத்தி இருந்தவங்களுக்கு அவன் பேசினது புரியல, அவங்க பேசினது அவனுக்குப் புரியல. ஆனா ஒருத்தன் ஓடியாந்து அவன் தலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டான். இன்னொருத்தன் உள்ளங்காலைத் தேய்ச்சான். தண்ணின்னு வாயைக் காட்டிக் கேட்டப்ப, மடியில வச்சிருந்தவன், பாட்டிலோட ஊத்தினா மூக்குல ஏறிடும்னு, பாட்டில் மூடியில தண்ணி புடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா வாயில விட்டான். விட விட முழுங்கினான். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டான். தலையை மடியில வச்சிருந்தவன் அவன் பாஷையில பேரு சொல்லி அழுதான். இதுதான் அவ சொன்னது.

நான் கேட்டுக்கிட்டிருந்தேன். அவ எந்த பாஷையில பேசறா, எனக்கு எப்படிப் புரியுதுன்னு அப்ப தோணவே இல்ல. நெஞ்சு கரிக்குதுங்கறது நம்ம ஊரு வார்த்தை, அதுகூட ஒறைக்கல. யாரைப் பத்தி இந்தக் கதைன்னும் நான் கேக்கல. குணான்னு எனக்குத் தெரியும். அழுகையும் வரல, அதிர்ச்சியும் இல்ல. சரி, இருந்திருக்காங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதான். எதிர்ல லாரி போயிக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் பஸ் வந்துச்சு. அரியலூர் வரைக்கும் அவ என் மணிக்கட்டைப் புடிச்சிருந்தா. டிரைவர் ஓட்டுற ஓட்டுக்குப் பயப்படுறா போலிருக்குன்னு விட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டுல அவளை ஜெயங்கொண்டம் வண்டியில ஏத்தி விட்டேன். ஜன்னல் வழியா ரொம்ப நேரம் என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

வூட்டுக்கு வந்து அம்மா முன்னாடி ஒக்காந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். இரும்புக் கட்டிலு, மடி, பாட்டில் மூடி. அம்மா என் மொகத்தைப் பாத்துச்சு. இந்தத் தடவை நான் பொய் சொல்லலேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

"மூடியிலயா ஊத்துனாங்க?"

"ஆமாம்மா."

"முழுங்குனானா?"

"முழுங்குனானாம்."

அம்மா மூலையில மூடி வச்சிருந்த கஞ்சியை எடுன்னுச்சு. பூராவும் குடிச்சுது. குடிச்சிட்டு வாயைத் தொடைச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"யாருடி சொன்னா உனக்கு?"

"பஸ்ல ஒரு வெள்ளக்காரப் பொண்ணும்மா."

"அது தமிழ் பேசுச்சா?"

அந்த நிமிசம்தான் எனக்கே ஒறைச்சுது. பேசுச்சும்மான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

கனவு கண்டிருப்பே, வெயில்ல தலை சுத்தியிருக்கும், மனசுல இருந்தது காதுல கேட்டிருக்கும். இதைத்தான சொல்லப் போறீங்க? நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கிட்டேன். அம்மா கஞ்சி குடிச்சுதுல்ல, போதும்னு விட்டுட்டேன்.

ஒடம்பு வந்துச்சு. திருச்சி ஏர்போர்ட்டுல போயி வாங்கிட்டு வந்தோம். வெளியூர்ல போன உசுருன்னு வூட்டுக்குள்ள கொண்டு போகாம வாசல் பந்தல்லயே வச்சு எடுத்தாங்க. நான் அப்பவும் அழல.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு ஒடம்போட வந்த அவன் பையிலிருந்த போனை எடுத்து சார்ஜ் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அது அடிச்சுது. செத்தவன் போனு அடிச்சா எப்படி இருக்கும், நீங்களே நெனச்சுப் பாருங்க. எடுத்தா வீடியோ கால். யாரோ ஒரு ஆளு, நேபாளத்து மொகம், பின்னால இரும்புக் கட்டிலு. என்னையும் அம்மாவையும் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டாரு. "குணா, குணா"ன்னாரு, அதுக்கப்புறம் பேசினது எதுவும் புரியல. நாங்க பேசினதும் அவருக்குப் புரியல. உடனே அவரு போனை எங்கயோ சாய்ச்சு வச்சிட்டு நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சாரு. நெஞ்சைப் புடிச்சாரு. தரையில ஒக்காந்து மடியைத் தட்டிக் காட்டினாரு. ஒரு தண்ணி பாட்டிலைத் தொறந்து, மூடியில தண்ணியை ஊத்தி, மடியில தலை இருக்கற மாதிரி குனிஞ்சு, மெதுவாச் சாய்ச்சாரு. திரும்ப ஊத்தினாரு, திரும்பச் சாய்ச்சாரு. தண்ணி அவரு பேண்ட்டை நனைச்சுக்கிட்டு ஓடுது.

அம்மா போன் பக்கத்துல மொகத்தை வச்சு, "தெரியும் சாமி, எல்லாந் தெரியும், நீ நல்லாருப்ப"ன்னு தமிழ்லயே சொல்லுச்சு. அவரு அவரோட பாஷையில பதில் சொன்னாரு. அப்படியே ரொம்ப நேரம் பேசிக்கிட்டாங்க. எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு ரெண்டு பேருக்கும்.

அந்தப் போலந்துப் பொண்ணை எப்படிப் புடிக்கறதுன்னு கேக்க அன்னிக்கு சாயங்காலமே எங்க தெருவுல இருக்கற இங்கிலீஷ் டீச்சர் வூட்டுக்குப் போனேன். அவங்க குணாவோட போனைப் பாத்துட்டு, இதுல உங்க சிம்மைப் போட்டாலே போதும், அந்தப் பொண்ணு அனுப்பியிருந்தா வரும்னாங்க. என் சிம்மை மாத்திப் போட்டு வாட்ஸ்அப்பைத் தொறந்தா, ஒரு புது நம்பர்லேருந்து அன்னிக்கு பஸ்ல எடுத்த போட்டோ வந்துச்சு. மார்த்தாதான். குணா எப்பவோ என் நம்பருக்கு வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்திருந்தான், அதுல ரொம்ப நாளா வந்து சேராம கெடந்திருக்கு. டீச்சர் இங்கிலீஷ்ல எழுதினாங்க, இவங்க தம்பியோட கடைசி நேரத்தைப் பத்திச் சொன்னதுக்கு நன்றி, உனக்கு அது எப்படித் தெரியும்னு.

மறுநாள் பதில் வந்துச்சு. போன் மாத்திக் கொடுத்த தமிழை நான் நம்பல. மதிப்பிற்குரிய பெண்மணின்னு சொன்ன மாதிரிதான இதையும் மாத்தும். டீச்சரை ரெண்டு தடவை வரிவரியா படிச்சுச் சொல்லச் சொன்னேன். அதனால போன் தப்பா மாத்தியிருக்கும்னு சொல்லிடாதீங்க.

அவ எதுவுமே சொல்லலயாம். நிழற்குடையில அவ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாளாம். பேசினது நானாம். அதுவும் அவங்க ஊரு பாஷையில, அவங்க அப்பா ஊரு பக்கத்துல பேசற மாதிரி. இவங்க எங்க தேசத்துல வேலை பாத்திருப்பாங்க போலன்னு ஆச்சரியப்பட்டாளாம். இரும்புக் கட்டிலு, கூட இருந்த ஆளுங்க, பாட்டில் மூடி, எல்லாத்தையும் நான்தான் அவளுக்குச் சொன்னேனாம். நான் கேட்ட அதே கதை. ரெண்டு பேருமே கேட்டிருக்கோம். அப்ப சொன்னது யாரு?

அதோட முடியல. கதை முடிஞ்சதும் நான் அந்த சிமெண்ட் பெஞ்சுல படுத்து அவ மடியில தலையை வச்சுக்கிட்டேனாம். தண்ணி கேட்டேனாம். அவளுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, கதையில வந்த மாதிரியே அவ பாட்டில் மூடியில ஊத்தி ஊத்தி என் வாயில விட்டாளாம். இன்னும் இன்னும்னு கேட்டு பாட்டிலு காலியாயிடுச்சாம். "கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நிம்மதியா இருந்தீங்க, பஸ் சத்தம் கேட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சீங்க, எனக்குத்தான் பயமாயிடுச்சு, பஸ்ல உங்க நாடியைப் புடிச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன், இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்டு முடிச்சிருந்தா.

டீச்சர் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. நான் போனை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அம்மாகிட்ட மறைக்கல, சொல்லிட்டேன். அது பயப்படவும் இல்ல, ஆச்சரியப்படவும் இல்ல. முறத்துல அரிசியைப் பொடைச்சுக்கிட்டே, "அப்ப எம்புள்ளைக்கு ரெண்டு தடவை தண்ணி கெடைச்சிருக்கு"ன்னுச்சு. நல்லா தெளிஞ்சு போயிருந்துச்சு அதோட மொகம். இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு, மூணு வேளையும் சாப்புடுது.

எனக்குத்தான் ஆறல. பயம்னு சொல்ல முடியாது. கோவம்னு வச்சுக்குங்களேன். தூக்கி வளத்தவ நான், ஊட்டி விட்டவ நான். கடைசியா ஒரு வாய் தண்ணிக்கு வந்தவன் என் கையில வாங்கிக் குடிக்கக் கூடாதா? என் வாயை எடுத்துக்கிட்டு, வழியில போற ஒரு பொண்ணு கையில குடிச்சிட்டுப் போயிருக்கான். நான் பக்கத்துலகூட இல்ல, உள்ளயே இருந்திருக்கேன், எனக்குத் தெரியல. இதை நெனச்சாதான் இப்பவும் நெஞ்சுல என்னவோ அசையுது.

இதெல்லாம் அந்தப் பொண்ணு கட்டின கதைன்னு சொல்லுவீங்க. சொல்லுங்க. நானும் ராத்திரியில அப்படி நெனச்சுத்தான் தூங்கறேன். ஆனா ஒண்ணு. அன்னிக்குக் காலையில கெளம்பறப்ப நான் தண்ணி பாட்டிலு எடுத்துட்டுப் போகல, ஏஜெண்டு ஆபீஸ்லயும் குடிக்கல, அந்தச் சித்திரை வெயில்ல ரோட்டுல கெடந்து பொழுது சாய வூடு வந்து சேந்தேன். வந்து படுக்கற வரைக்கும் எனக்குத் தாகமே எடுக்கல.